லந்தனோ: மறைவது யார், மறப்பது யார்?

கேள்வி, 3 மார்ச் 2024

பழைய கிரேக்கத்தைத் தனியாகப் படித்து வருகிறேன். 'லந்தனோ' என்ற வினைக்குக் குறிப்பேட்டில் 'மறைந்திருக்கிறேன்' என்று எழுதி வைத்திருந்தேன். வாக்கியங்களில் பொருத்திப் பார்த்தால் பாதி இடங்களில் உளறலாக இருக்கிறது. போதாக்குறைக்கு அகராதி 'மறக்கிறேன்' என்றும் ஒரு பொருள் தருகிறது. மறைவதும் மறப்பதும் எப்படி ஒரே வினையாகும்? தமிழில் இதற்கு நேரான சொல் கிடையாது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

3 மார்ச், இரவு

பாதி மறுக்கிறேன். 'மறைந்திருக்கிறேன்' என்பதைக் குறிப்பேட்டிலிருந்து முதலில் அடித்துவிடுங்கள். மறைந்திருப்பவனுக்கு ஓர் எண்ணம் இருக்கும். தூண் இருக்கும், இருட்டு இருக்கும். லந்தனோவுக்கு அதெல்லாம் வேண்டாம். பட்டப்பகலில், நடுக்கூடத்தில் இருந்துகொண்டே ஒருவன் லந்தனோ செய்யலாம். அடுத்தவர் கவனத்தில் அவன் விழவில்லை, அவ்வளவுதான்.

அந்த வினை மூன்று பேரைக் கேட்கும். கவனத்துக்கு எட்டாமல் போனவன் எழுவாய். கவனிக்காமல் விட்டவன் இரண்டாம் வேற்றுமையில் வருவான். என்ன செய்யும்போது கவனத்துக்கு எட்டவில்லை என்பதை ஓர் எச்சம் சொல்லும். ஹோமரின் காப்பியமான ஒடிசியின் ஏழாம் காண்டம், 93ஆம் வரியைப் பாருங்கள். ஃபையாக்கியர் விருந்தில் பாணன் தெமொதொகோஸ் பாடுகிறான். ஒடிசியஸ் தன் கதையையே அடுத்தவன் வாயில் கேட்டு, ஊதா மேலாடையைத் தலைமேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். கிரேக்கத்தின் எலும்பை அப்படியே தமிழில் வைத்தால்: 'மற்றெல்லாரையும் எலந்தனெ (லந்தனோவின் இறந்தகாலம்), கண்ணீர் வடித்துக்கொண்டு.' நாம் 'யாருக்கும் தெரியாமல் அழுதான்' என்போம். நமக்கு அழுகை முற்றுவினை, தெரியாமை ஒட்டு. அவர்களுக்குத் தெரியாமை முற்றுவினை, அழுகை ஒட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரசன் அல்கினோஸ் மட்டும் கவனித்துவிடுகிறான். பெருமூச்சு அவன் காதில் விழுந்துவிட்டது.

4 மார்ச்

எழுத்துப்பெயர்ப்பைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், 'லந்தனோ' என்று எழுதினால் 'ந்த' நம் வாயில் 'பந்து' என்பதில் வருவதுபோல மெலிந்துவிடும். பழைய ஏதென்ஸில் அது மூச்சோடு வெளிவரும் வன்மையான ஒலி. தமிழெழுத்தில் அதற்கு வழியில்லை. உயிர்களுக்கு நடுவில் வரும்போது மெலியாதிருக்க 'த்த' என்று இரட்டித்து எழுதுகிறேன். இரட்டித்தால் நீளும் என்று எனக்கும் தெரியும். இதைப் பற்றி இனிமேல் சண்டை வேண்டாம்.

6 மார்ச்

வடிவங்களைக் கேட்டிருந்தீர்கள். நிகழ்காலம் லந்தனோ, எதிர்காலம் லேசோ, அவோரிஸ்ட் (நடந்து முடிந்ததை ஒரே தட்டில் சொல்லும் இறந்தகாலம்) எலத்தொன், நிறைவு லெலேத்த. முதல் தடவை பார்க்கும்போது நாலும் நாலு வீட்டுப் பிள்ளைகள்போல இருக்கும். வேரை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். வேர் 'லத்', உயிர் நீண்டால் 'லேத்'. நிகழ்காலத்தில் மட்டும் வேரின் வயிற்றுக்குள் ஒரு மூக்கொலி நுழைகிறது, பின்னால் 'அன்' ஒட்டுகிறது. ல-ந்-த்-அன்-ஓ. நிகழ்காலம் முடிந்ததும் இரண்டும் கழன்றுவிடும். ஹோமரிடம் இந்தச் சுமையில்லாத 'லேத்தோ' என்ற நிகழ்காலமும் உண்டு.

இந்த வகுப்பில் சேர்ந்தவை நிறைய. பெறுவது லம்பனோ, அவோரிஸ்ட் எலபொன். கற்பது மந்தனோ, அவோரிஸ்ட் எமத்தொன். கணிதத்துக்கு ஐரோப்பிய மொழிகள் வழங்கும் பெயர் இந்த வேரிலிருந்து வந்ததுதான். தற்செயலாக நேர்வது துங்கனோ, அவோரிஸ்ட் எதுக்கொன். உள்ளே நுழையும் மூக்கொலி அடுத்த எழுத்துக்கு ஏற்ப மாறுவதைக் கவனியுங்கள்: ம்ப, ந்த, ங்க. தமிழனுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வல்லினத்துக்கு முன்னால் அதற்கு இனமான மெல்லினம் என்று ஐந்தாம் வகுப்பிலேயே நெட்டுருப் போட்டவர்கள் நாம். மற்ற நாட்டு மாணவர்கள் இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருக்கும்.

9 மார்ச்

கர்வம் அடங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன்.

நான் அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன். ஓய்வுக்குப் பிறகுதான் கிரேக்கம். எல்லாரையும்போல செனொஃபோனின் 'அனபாசிஸ்' நூலில் தொடங்கினேன். முதல் அத்தியாயத்திலேயே இந்த வினை வந்துவிடுகிறது. பாரசீக இளவரசன் சைரஸ் தன் அண்ணனான மன்னனுக்கு எதிராகப் படை திரட்டுகிறான். கிமு 401இல் கிளம்பப்போகிற படை அது. தெஸ்ஸலியில் அரிஸ்திப்போஸ் என்பவன் இரண்டாயிரம் கூலிப்படையினருக்கு மூன்று மாதச் சம்பளம் கேட்கிறான். சைரஸ் நாலாயிரம் பேருக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுத்தனுப்புகிறான். 'இப்படியாக, தெஸ்ஸலியில் அவனுக்குப் படை வளர்ந்துவந்தது எலந்தனென்' என்று செனொஃபோன் முடிக்கிறான்.

அந்த 'அவனுக்கு' என்னைக் குழியில் தள்ளியது. நான்காம் வேற்றுமை. கூடவே லந்தனோ. 'அவனுக்குத் தெரியாமல் படை வளர்ந்தது' என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டேன். அடுத்த பத்தி முழுக்கப் புதிராகிவிட்டது. பணம் கொடுத்தவனே சைரஸ், அவனுக்கே தெரியாமல் அவன் படை எப்படி வளரும்? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். உரையாசிரியர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்ற முடிவுக்குக்கூட வந்திருந்தேன்.

தவறு தமிழில் இருந்தது. நமக்குத் தெரிவதும் தெரியாததும் நான்காம் வேற்றுமைக்காரனுக்குத்தான்: எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கிரேக்கத்தில் ஏமாந்தவன் இரண்டாம் வேற்றுமையில்தான் நிற்பான். அங்கே இருக்கும் 'அவனுக்கு' என்பது 'அவன் பொருட்டு'. படை சைரஸுக்காக வளர்ந்தது. யாருக்குத் தெரியாமல் என்பதைச் செனொஃபோன் சொல்லவே இல்லை. சொல்லவும் வேண்டாம், அண்ணனுக்குத்தான். அந்தப் பென்சில் குறிப்பை நான் அழிக்கவில்லை. புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகவே, வல்லினம் மெல்லினம் நமக்குக் கைகொடுக்கும். வேற்றுமை காலை வாரிவிடும்.

15 மார்ச்

'தெரியாமல் போனது மற்றவருக்கு என்றால் சரி. செய்கிறவனுக்கே தெரியாவிட்டால்?' நல்ல கேள்வி. அதற்கும் இந்த வினைதான். ஹெரொடோடஸ் முதல் நூல், 44ஆம் பகுதி. லிடியாவின் மன்னன் குரோசஸ் அத்ராஸ்தோஸ் என்ற ஃபிரிஜியனுக்கு அடைக்கலம் தருகிறான். அவன் கைதவறித் தன் சகோதரனைக் கொன்றவன். குரோசஸ் அவனுக்குத் தீட்டுக் கழித்து வீட்டிலேயே வைத்துக்கொள்கிறான். அடுத்து ஒரு பன்றி வேட்டை. அத்ராஸ்தோஸ் வீசிய ஈட்டி பன்றியை விட்டுவிட்டுக் குரோசஸின் மகன்மேல் பாய்கிறது. குரோசஸ் ஜீயஸைக் கூப்பிட்டு அலறுகிறான்: அடுப்படிக்குக் காவலான ஜீயஸே, என் பிள்ளையைக் கொல்லப்போகிறவனுக்கே சோறு போட்டுக்கொண்டு எலந்தனெ. யாருடைய கவனத்துக்கு எட்டவில்லை? அவனுடைய கவனத்துக்கே. இரண்டாம் வேற்றுமையில் ஒருவரும் இல்லாவிட்டால், ஏமாந்தவர் எழுவாயே என்று கொள்ளலாம்.

(பெரும்பாலும். செனொஃபோன் வாக்கியத்திலும் இரண்டாம் வேற்றுமை இல்லை, ஆனால் அங்கே ஏமாந்தது படையல்ல. 9ஆம் தேதி எழுதியதை 15ஆம் தேதி மறந்து விதி சொல்கிறேன். இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.)

16 மார்ச்

புதிய ஏற்பாட்டில் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, அதுவும் அழகான இடத்தில். எபிரெயருக்கு எழுதிய நிருபம், 13ஆம் அதிகாரம், 2ஆம் வசனம். நம் பழைய வேதாகமத்தில்: 'அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள், அதினாலே சிலர் அறியாமல் தேவதூதரையும் உபசரித்ததுண்டு.' மம்ரேயில் கூடார வாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாமை நினைத்து எழுதியது என்பார்கள்.

கிரேக்கத்தில் 'மறவாதிருங்கள்' என்பதும் 'அறியாமல்' என்பதும் ஒரே வினை. முன்னது எபிலந்தனெஸ்தெ, பின்னது எலத்தொன். எழுதியவர் தெரிந்தே விளையாடியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. தமிழில் அந்த விளையாட்டு போய்விட்டது. நான் முயன்றேன்: 'அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள், அதனால் சிலர் தங்களுக்கே மறைவாகத் தேவதூதரை உபசரித்ததுண்டு.' மற, மறை. ஒலி கிடைத்துவிட்டது.

17 மார்ச்

நேற்றைய மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். 'மறைவாக உபசரித்தார்கள்' என்றால் அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாகக் கூட்டிவந்து சோறு போட்ட மாதிரி இருக்கிறது. 'தங்களுக்கே' என்று முட்டுக்கொடுத்தும் நிற்கவில்லை. பழைய மொழிபெயர்ப்பாளர்களின் 'அறியாமல்' தான் சரி.

இன்னொரு திருத்தமும். ஒரு தனிக் கடிதத்தில் 'உபசரித்தபின் கவனத்துக்குத் தப்பினார்கள்' என்று விளக்கியிருந்தேன். எச்சம் அவோரிஸ்டில் இருப்பதால் 'பின்' போட்டேன். தவறு. முற்றுவினையும் அவோரிஸ்ட், எச்சமும் அவோரிஸ்ட் என்றால் இந்த வினையோடு இரண்டும் ஒரே நேரம்தான். உபசரித்ததே அறியாமை. ஒடிசியஸ் வரியில் இரண்டும் நீண்டு தொடர்வன: அழுதுகொண்டே இருந்தான், தெரியாமலே இருந்தது. எபிரெயரில் இரண்டும் ஒரே தட்டில் முடிந்துவிடுகின்றன. வந்தார்கள், சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள்.

24 மார்ச்

சரி, மறதி எப்படி வந்தது? வினையைத் தன்பக்கம் திருப்பிக்கொள்ளும் வடிவம் ஒன்று கிரேக்கத்தில் உண்டு. செய்வினையும் இல்லை, செயப்பாட்டும் இல்லை. லந்தனோவை அப்படித் திருப்பினால் 'என்னிடமிருந்து ஒன்று நழுவிப்போக விட்டுவிடுகிறேன்', அதாவது மறக்கிறேன். மறக்கப்படுவது ஆறாம் வேற்றுமையில் வரும். ஒடிசி ஒன்பதாம் காண்டத்தில் தாமரையுண்போர் நாட்டில் அந்தக் கனியைத் தின்றவர்கள் 'வீடு திரும்புவதன்' மறக்கிறார்கள். ஏதென்ஸ் உரைநடைக்காரர்கள் முன்னால் ஒரு 'எபி' சேர்த்து எபிலந்தனொமாய் என்று வழங்கினார்கள்.

ஹோமரிடம் ஒரு விசித்திரமும் உண்டு: முதலெழுத்தை இரட்டித்த அவோரிஸ்ட், 'மறக்கச் செய்வது'. இலியட் 15ஆம் காண்டத்தில், அப்பொல்லோ ஹெக்தோரை அவன் வலிகளை மறக்கச் செய்யட்டும் என்று ஜீயஸ் சொல்லும் இடம். பிறவினை. பிற்காலத்தவர் இதைக் கைவிட்டது எனக்கு வருத்தம்தான்.

25 மார்ச்

லேத்தே ஆற்றைப் பற்றி நான் எழுதவில்லை என்று கோபப்படுகிறார்கள். பெயர்ச்சொல் லேத்தே, மறதி. பிளேட்டோ 'குடியரசு' நூலின் கடைசியில் முதலில் லேத்தே என்று சொல்வது ஆற்றை அல்ல, ஒரு வெளியை: மரம் செடியில்லாத, மூச்சுத் திணறும் வெக்கையான சமவெளி. அங்கே ஓடும் ஆற்றின் பெயர் அமெலேஸ், கவலையற்றது. எந்தப் பாத்திரத்திலும் நிற்காத தண்ணீர். மறுபிறவிக்குப் போகும் ஆன்மாக்கள் அதில் ஓர் அளவு குடித்தாக வேண்டும். புத்தி கெட்டவர்கள் அளவுக்கு மேல் குடிப்பார்கள். சில வரிகள் கழித்து அவரே 'லேத்தே ஆறு' என்றும் எழுதிவிடுகிறார். மெய்ப்புத் திருத்துபவனாக நான் அங்கே ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன்.

2 ஏப்ரல்

அலேத்தேயா. இது வரும் என்று தெரியும். கிரேக்கத்தில் உண்மை. முன்னால் இருக்கும் 'அ' நம் 'நீதி, அநீதி'யில் வரும் வடமொழி 'அ'வின் உறவுதான், எதிர்மறை. அ-லேத்: லந்தனோ இல்லாதது. ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் இதைப் பிடித்துக்கொண்டு உண்மை என்றாலே 'மறைவின்மை' என்று ஒரு தத்துவமே கட்டினார். நாம் தொடங்கிய ஒடிசியஸ் அழும் வரியை எடுத்து, 'கண்ணீரை மறைத்தான்' என்று மொழிபெயர்க்காதீர்கள், 'மறைந்திருந்தான், கண்ணீர் வடிப்பவனாக' என்று கிரேக்கம் சொல்கிறது என்று வாதாடியவரும் அவரே. அந்த வாதத்தில் நான் அவர் பக்கம். சொற்பிறப்பிலிருந்து தத்துவத்துக்குத் தாவியதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிளேட்டோ அறிஞர் ஃபிரீட்லெண்டர் கடுமையாக மறுத்தார், ஹைடெக்கரும் 1964இல் கொஞ்சம் பின்வாங்கினார்.

ஹோமரிடம் அலேத்தேயா பெரும்பாலும் பேச்சோடுதான் வருகிறது. ஒன்றையும் விடாமல் சொல்வது. இலியட் 23இல் தேர்ப்பந்தயம்; திரும்பும் கம்பத்தருகே கிழவர் ஃபொய்னிக்ஸை உட்கார வைக்கிறான் அகில்லெஸ். எதற்கு? ஓட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு அலேத்தேயாவைச் சொல்ல. நினைவும் உண்மையும் ஒரே வரியில். பொருள் ஒளிந்திருக்கிறதா என்பது அங்கே கேள்வியல்ல; பார்த்த கிழவர் எதையாவது நழுவவிட்டாரா என்பதுதான்.

இலியட் 12இல் நூல் நூற்றுப் பிழைக்கும் ஒரு பெண்ணையும் ஹோமர் இதே அடைமொழியால் சொல்கிறார். தராசின் ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் கம்பளி. இரண்டையும் சமமாகத் தூக்கிப் பிடிக்கிறாள், பிள்ளைகளுக்குச் சொற்பக் கூலி கொண்டுபோக. போரில் இரு தரப்பும் சமமாக நின்றதற்கு உவமை. உண்மையானவள் என்றால் அங்கே கை பிசகாதவள். எனக்கு ஹைடெக்கரைவிட இந்தப் பெண் போதும்.

20 ஏப்ரல்

தனிமத்தைப் பற்றி யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆம், லாந்தனம் இந்த வினைதான். சீரியம் 1803இல் கிடைத்துவிட்டது. அதற்குள் இன்னொன்று இருப்பதை 1839இல்தான் மொசாண்டர் ஸ்வீடனில் கண்டார். பெயர் சொன்னவர் பெர்சேலியஸ். முப்பத்தாறு வருடம் எல்லாரையும் எலந்தனெ. இது தரும் மோனசைட் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுகொண்டது கடற்கரையில் நின்றல்ல. இங்கிருந்து போன தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து. காஸ் விளக்கு மாண்டில் செய்ய அந்த மணலிலிருந்து கிடைக்கும் தோரியம் வேண்டியிருந்த காலம் அது. கயிறு வாங்கியவர்கள் மணலை உதறிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இலக்கணத்துக்குத் திரும்புகிறேன்.

11 மே

மார்ச் மூன்றாம் தேதிக் கேள்வியின் கடைசி வரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தமிழில் நேரான சொல் இல்லை என்பதைப் 'பாதி மறுக்கிறேன்' என்றேன். இப்போது முக்கால்வாசி.

மறைவதும் மறப்பதும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டவர் தமிழில்தான் கேட்டார். மற, மறை. திராவிடச் சொற்பிறப்பு அகராதி இரண்டையும் ஒரே பதிவில் வைத்திருக்கிறது. ஒரு பொருள் கண்ணிலிருந்து போனால் மறைவு, நெஞ்சிலிருந்து போனால் மறதி. கிரேக்கரிடம் இருக்கும் விசித்திரம் நம் வாயிலேயே இருக்கிறது. தினமும் சொல்வதால் தெரியவில்லை.

ஆனால் மறை முழுப் பொருத்தமில்லை என்று தேவதூதர்களிடமே பார்த்துவிட்டோம். பொருந்துவது வேறொன்று. அது என் தொழிற்சொல், இரண்டு மாதமாக நினைவுக்கு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. தப்பு. பிழை என்ற பெயர்ச்சொல் அல்ல, வினைச்சொல். 'கண்ணுக்குத் தப்பிவிட்டது.' தப்பியது எழுவாய். ஏமாந்த கண் பக்கத்தில் நிற்கிறது. ஒளியும் நோக்கமில்லை, தூணில்லை, இருட்டில்லை.

ஒரு கல்யாணப் பத்திரிகை. பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். முகூர்த்த நேரம், இராசி, மண்டபத்துப் பின்கோடு எல்லாம் சரி. உச்சியில் பெரிய எழுத்தில் தங்க மையில் 'திருமண அழப்பிதழ்' என்று இருந்தது. 'ழை' இல்லை. ஐந்நூறு பிரதி அச்சாகி, மஞ்சள் தடவி, பாதி விநியோகமும் முடிந்தபின் பெண்ணின் தாத்தா கண்டுபிடித்தார். என்னை, அச்சுக்கோத்தவரை, அச்சக உரிமையாளரை, பத்திரிகை வாங்கிய இருநூற்றுச் சொச்சம் பேரை, ஒரே எழுத்து எலத்தென். சின்ன எழுத்தில் இருப்பதைத்தான் தேடுவோம். தலைப்பை யாரும் படிப்பதில்லை, பார்ப்பதோடு சரி.

மீதிக் கால்வாசி: 'தப்பு' எச்சத்தைத் தாங்காது. 'அழுதுகொண்டு தப்பினான்' என்றால் ஓடிப்போய்விட்டான் என்றாகும். அங்கே நீங்கள் சொன்னது சரி, தமிழில் வழியில்லை, 'தெரியாமல்' தான்.

6 ஜூலை

வேறொன்றுக்காக மேலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். ஒடிசியஸ் முகத்தை மூடிக்கொண்டு அழும் வரி எட்டாம் காண்டத்தில் இருக்கிறது. மார்ச் மூன்றாம் தேதி ஏழாம் காண்டம் என்று எழுதியிருக்கிறேன். நாலு மாதம், இத்தனை பேர், ஹோமரை வரி எண்ணோடு ஒப்பிக்கிறவர்கள் உட்பட. வரி எண் 93 சரிதான். மேலே திருத்தப்போவதில்லை, அப்படியே கிடக்கட்டும்.